பதினோராம் கட்டைச் சமபந்தி

தேநீர்க் குவளையின் அடியில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது.

குமுதா அதைக் கண்டபோது தேநீரை ஏறக்குறையக் குடித்து முடித்திருந்தாள். பானையிலிருந்து தவறி விழுந்த பருக்கையாக இருந்தால் நுனி கூராக, முழுசாக இருக்கும். இது ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் கூழாகி, யாரோ மென்று பாதியில் விட்டதைப் போல இருந்தது. நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். இன்னொன்று உள்ளே போயிருக்குமோ என்று பல்லிடுக்குகளைத் துழாவினாள். டின் பாலின் இனிப்புக்குப் பின்னால் வேறொரு சுவை இருந்தது இப்போதுதான் தெரிந்தது. புளித்த, வெதுவெதுப்பான சுவை. காலையில் பல் துலக்குவதற்கு முன் தன் வாயில் தானே உணரும் சுவை.

“இன்னொரு தே ஊத்தவா, டாக்டர்?” என்று கேட்டார் சதாசிவம்.

“போதும்ணே.”

அவள் கீழே வைத்த குவளையை அவர் எடுத்தார். மிச்சத்தைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டார். பருக்கையும் போயிற்று. மேசையைத் துடைப்பவர் முகத்தில் இருக்கும் அளவு அக்கறைகூட அவர் முகத்தில் இல்லை. சிரித்தபடி குவளையைக் கழுவாமலே அலமாரியில் வைத்தார்.

குமுதா கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஈப்போவில் மனநல மருத்துவராக இருப்பவள். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்குச் சிகிச்சைச் சமூகங்களின் வரலாற்றைப் பாடமாக எடுப்பவள். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் ராணுவ மருத்துவமனைகளில் மருத்துவர்கள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு நோயாளிகளோடு வட்டமாக உட்கார்ந்ததில் இருந்து அந்தப் பாடம் தொடங்கும். யார் பாத்திரம் கழுவுவது, யார் வீட்டுக்குப் போவது, யார் கதவைப் பூட்டுவது என்று எல்லாவற்றையும் எல்லாரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். அந்த மருத்துவர்களுக்கு முதலில் தடையாக நின்றது அருவருப்புதான், நோயாளியின் கோப்பையில் டீ குடிக்க அவர்களுக்குக் கை வரவில்லை என்று அவள் சொல்லும்போது வகுப்பு சிரிக்கும். சிரிக்காதீர்கள், அருவருப்பு ஒரு வேலி, அதைப் போட்டவர்கள் யார் என்று கேளுங்கள் என்பாள். அவளுடைய தாத்தா தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியார். அவர் வீட்டுப் பின்வாசலில் ரப்பர்ப் பால் மரம் வெட்டுபவர்களுக்கென்று தனிக் குவளை தொங்கியதாம். அந்த வீட்டு ரத்தம்தானே எனக்கும், என்று நினைத்தாள். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தாப்பாவிலிருந்து தெலுக் இந்தான் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பி, எண்ணெய்க்காக நட்ட செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் வெகுதூரம் வந்தால் பதினோராவது மைலில் பதினோராம் கட்டைத் தோட்டம். தோட்டம் என்று பெயர்தான் மிச்சம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் ஆட்கள் கிளம்பிப் போய்விட, தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு வரிசை லயத்து வீடுகளும், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்க எல்லாரும் கூடி நின்ற பெரட்டுக் கொட்டகையும் மட்டும் நின்றன. அவற்றைப் பிச்சைமுத்து என்ற மருத்துவர் வாடகைக்கு எடுத்தார். குடும்பங்கள் கைவிட்டவர்களைக் கொண்டுவந்து வைத்து, ‘சமபந்தி இல்லம்’ என்று பெயரிட்டார். அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இல்லம் நின்றுபோகவில்லை. ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி சொல்லித்தான் குமுதாவுக்கு இப்படியோர் இடம் இருப்பதே தெரியவந்தது. ஆராய்ச்சிக்காக முதல்முறை வந்தபோது பூட்டாத கதவுகளையும், கூச்சலே இல்லாத முற்றத்தையும், தன்னைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தவர்களையும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டி அழுதாள்.

அடுத்த மாதமே தம்பியைக் கொண்டுவந்து விட்டாள்.

கோகிலன் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினான். மாத்திரை, ஊசி, மின்சாரச் சிகிச்சை, கடைசியில் மூக்கு வழியே குழாய். தன் தொழில் முழுவதையும் அவன்மேல் இறக்கிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் இங்கே கொண்டுவந்தாள். அம்மா வேண்டாம் என்றார். தீபாவளிகூடப் புந்தோங் வீட்டில் அவனில்லாமல் போயிற்று. போன புதன்கிழமை ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான்தான். சாப்பிட்டியா?”

அவன் குரல். ‘சா’வை லேசாக நசுக்கும் அதே பேச்சு. குமுதா மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலையே அம்மா அவன் அறையைக் கழுவித் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தார். “என்னைய அம்மான்னு ஒரு தடவ அவன் கூப்பிட்டாப் போதும். அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்,” என்றார். இன்று அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள்.

“கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க,” என்றார் சதாசிவம். “யாரு வரலாம், யாரு போலாம், எல்லாரும் சேந்துதானே முடிவு பண்றோம். நான் ஒண்ணும் இங்க பெரிய ஆளு இல்ல.”

“தெரியும்ணே. அதுதான் எனக்கு இந்த எடத்துல பிடிச்சதே.”

“தம்பிய மொதல்ல பாருங்க. ஆளு நல்லா ஊதிட்டான் லா.”

லயத்து வாசல்களின் வழியாக நடந்தார்கள். கிழக்கே மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. செம்பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் ஈரமான வாய்கள் அசைபோடுவதைப் போல இருந்தது. பின்னால் தப்பிப் பிழைத்து நின்ற சில பால் மரங்களில் இன்னும் பால் பிடிக்கும் மங்குகள் கட்டியிருந்தன. அவற்றில் யாரும் எடுக்காத பால் மழைத்தண்ணீரோடு சேர்ந்து புளித்து, சாம்பல் நிறக் கட்டியாகிக் கிடந்தது. அந்த அழுகல் வாடை இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் பழக்கமானதுதான். அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. சோறு, தயிர், தூங்கி எழுந்தவர்களின் மூச்சு.

வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லார் உதடுகளும் ஈரமாக இருந்தன. குமுதா வழக்கப்படி கவனித்ததை மனத்துக்குள் வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தாள். சுவர்ப்பூச்சு உரிந்திருக்கிறது. கொடியில் துணிகள் சுத்தமாக இருக்கின்றன. சமையல்கட்டு பெருக்கியிருக்கிறது. ஆனால் குவளைகள் மிகக் குறைவு. சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்க ஒரு குழாய், ஒரு தொட்டி, ஒரு வாளிகூட எங்கும் இல்லை. தமிழர்கள் சாப்பிடும் இடத்தில் இது எப்படி இல்லாமல் போகும் என்று யோசித்தாள். பிறகு, முன்னமே இதைப் பார்த்திருக்க வேண்டியவள் நான்தானே, அன்று அழுத கண்ணால் எதைப் பார்த்தேன் என்று தன்னையே கேட்டாள்.

“இந்த எடத்துக்கு வித்து என்னன்னு சொன்னேனா, டாக்டர்?” சதாசிவம் நடந்தபடியே சொன்னார். “ஆரம்பத்துல இங்க ஒரு ஆளு வந்தான். உங்க தம்பி மாதிரியேதான். பேச மாட்டான், திங்க மாட்டான். வாய்ல வெச்சா வழிய விட்டுருவான். நம்ம டாக்டரு என்ன பண்ணாரு தெரியுமா? அவரே சோத்த மென்னாரு. பச்சக் குழந்தைக்குத் தாய் குடுக்கிற மாதிரி அவன் வாய்ல வெச்சாரு. வாங்கிக்கிட்டான். அன்னைக்கே பேசிட்டான்.”

குமுதாவுக்குக் கண் கலங்கியது, உதட்டைத் துடைக்கக் கையும் போனது. எது சரியான உணர்ச்சி என்று அவளுக்குத் தெரியவில்லை. இதைக் கட்டுரையில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். அவள் சொன்னது நடுங்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதாக இருந்தது.

கோகிலன் பெரட்டுக் கொட்டகையின் படியில் உட்கார்ந்திருந்தான். கன்னம் உப்பி, தோல் மினுங்கி, எலும்பும் குழாயுமாக இங்கே வந்தவனின் அண்ணனைப் போல இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டான். கை சூடாக இருந்தது. சிரித்தான்.

“கோகிலா. வீட்டுக்குப் போலாமா? அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க.”

சிரிப்பு மாறவில்லை.

“என்கிட்ட பேசேன்டா. ஃபோன்ல பேசினியே.”

அவன் வாயை லேசாகத் திறந்தான். பதில் வரும் என்று அவள் காத்திருந்தாள். வாய் அப்படியே திறந்திருந்தது. உள்ளே நாக்கு சிவந்து, வீங்கி, நனைந்து அசையாமல் கிடந்தது. கடைவாய்ப் பற்கள் கிழவர்களுடையவை போல மழுங்கித் தேய்ந்திருந்தன. அவளுடைய மருத்துவக் கண் முதலில் அவன் விழிகளைச் சோதித்தது. பிறகுதான் பயந்தது. அந்தக் கண்களில் அவள் முகம் தெரிந்தது. அவளைத் தெரிந்ததற்கான அடையாளம் தெரியவில்லை.

“அவன் மொற இன்னும் வரல,” என்றார் சதாசிவம். “மொற வந்தா வாய மூட மாட்டான். பெரிய வாயாடிப் பய.”

மழை தகரக் கூரைமேல் இறங்கிய நேரத்தில் கூட்டம் கூடியது. தண்டவாளத் துண்டை யாரோ இரும்பால் தட்டினார்கள். பலகைகளை வட்டமாகப் போட்டு ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பானைச் சோறு, மேலே ஒரே ஒரு பல்பு. தட்டுகள் இல்லை. கோகிலன் குமுதாவுக்கு எதிரே உட்கார்ந்தான், அவன் பக்கத்தில் ராக்காயி. சமையல்கட்டு ராக்காயியைக் குமுதா முன்பே அறிவாள். பெருத்த உடம்பு, நரைத்த கொண்டை, யாரையும் விடாத கேலி. இன்று அவளுடைய வலது கன்னம் பல்வலிக்காரியைப் போலப் புடைத்திருந்தது.

“வாங்க டாக்டரு,” என்றாள் ராக்காயி. “மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்கிக் கெடக்கு? நம்ம தேத்தண்ணி ஒத்துக்கலயா?”

சிரிப்பு எழுந்தது. குமுதாவும் சிரிக்கப் பார்த்தாள். அதன் பிறகுதான் உறைத்தது. வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவளின் வார்த்தைகள் குழறவே இல்லை.

ராக்காயி பானையிலிருந்து ஒரு விரல் அளவு சோற்றை எடுத்து வாயில் சேர்த்து மென்றாள். மெதுவாக, விழுங்காமல். பிறகு வலப்பக்கம் திரும்பி, அங்கிருந்தவரின் தாடைக்குக் கீழே கையைக் குவித்துப் பிடித்தாள். அவர் அண்ணாந்து வாயைத் திறந்தார். அவள் குனிந்தாள்.

குமுதா பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனது சோறு இல்லை. ஒரு காலத்தில் சோறாக இருந்தது. எலுமிச்சை அளவில், மங்கில் உறைந்து கிடக்கும் பாலைப் போலச் சாம்பல் பழுப்பாக, உருண்டு வழவழத்து, உடையாமல், இரு உதடுகளுக்கும் நடுவே எச்சில் இழையாக நீண்டு, இழை அறுந்து அவர் முகவாயில் ஒட்டிக்கொண்டது. அவர் அதை நாக்கால் உள்ளே எடுத்துக்கொண்டார். ஒரு விரல் சோற்றை எடுத்துச் சேர்த்தார். மென்றார். பேசத் தொடங்கினார்.

அடுத்தவருக்கு. அதற்கடுத்தவருக்கு. குமுதாவை மட்டும் தாண்டிப் போனது. கூட்டம் நடந்தது. எந்த வாய்க்கு அது போகிறதோ அந்த வாய் பேசியது. கிணற்றுக்கு மூடி போடுவது பற்றி, யாரோ இரவில் பாடுவது பற்றி, காய்கறி வாங்கப் பாசாருக்கு யார் போவது என்பது பற்றி. மற்றவர்கள் லேசாகத் திறந்த வாயோடு காத்திருந்தார்கள். அவள் பாடத்தில் படம் போட்டுக் காட்டும் வட்டம் இதேதான். எல்லாரும் சமம். ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிடவில்லை.

கோகிலனிடம் போயிற்று. அவன் அண்ணாந்து வாங்கிக்கொண்டான். கண்களில் விளக்குப் போட்டதைப் போல ஆள் வந்தான்.

“அக்கா வந்துட்டா,” என்றான். “பாரு, பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. சின்னதுல இருந்தே இப்படித்தான்.”

குமுதாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ஒங்களுக்கு ஒண்ணு சொல்றேன். புந்தோங்குல எங்க வீட்டுக்குப் பின்னால ஈயம் தோண்டுன குட்டை. போகக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நான் போயி விழுந்துட்டேன். இவதான் முடியப் புடிச்சுத் தூக்குனா. அம்மா அடிப்பாங்கன்னு சட்டைய ஒரு லாரி மேல காயப் போட்டா. நாங்க ரெண்டு பேரும் லாரிக்கு அடியில…”

அவன் முறை முடிந்தது. ராக்காயியின் பக்கம் திரும்பிக் கையைக் குவித்தான். குனிந்தான்.

“…ஒளிஞ்சிக்கிட்டோம்,” என்றாள் ராக்காயி. கோகிலனின் குரல். ‘சா’வை நசுக்கும் அதே பேச்சு. “லாரிக்காரன் சட்டையோட ஓட்டிட்டுப் போயிட்டான். அக்கா அவ சட்டையக் கழட்டி எனக்குப் போட்டா. பெட்டிக்கோட்டோட வீட்டுக்கு நடந்தா. தெருவே சிரிச்சிச்சு. அவ அழல. எனக்கு மட்டும் தெரியும், கை நடுங்கிச்சு.”

ராக்காயி இதைச் சொல்லும்போது கோகிலன் எதிரே பார்த்தபடி இருந்தான். கண்கள் அணைந்திருந்தன. உதட்டோரம் எச்சில் வழிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

குமுதா எழுந்தாள். தேநீரும் காலையில் தின்றதும் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு மழையில் வாந்தி எடுத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. திரும்பி வந்து தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உடனே எழுந்தான். தடுக்கவும் யாரும் வரவில்லை.

“போலாம், டாக்டர்,” என்றார் சதாசிவம். “நாங்க யாரையும் புடிச்சு வைக்கிறது இல்ல.”

சேற்றில் ஓடினார்கள். காருக்குள் அவனைத் தள்ளிப் பெல்ட் போட்டுவிட்டாள். அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பெயரைக் கேட்டாள். அம்மாவின் பெயரைக் கேட்டாள். கன்னத்தில் அறைந்தாள். வாய் திறந்தது, அவ்வளவுதான். ஆளில்லாத வாய். இந்த வாயை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

சாவியைத் திருகினாள். அப்போது மழைச் சத்தத்துக்கு மேலாகக் கொட்டகையிலிருந்து கேட்டது.

“அக்கா. என்னைய விட்டுட்டா போற?”

ராக்காயியின் வாய்தான். அவளுக்குத் தெரியும். ஆனாலும் குட்டைத் தண்ணீருக்குள் இருந்து அவளைப் பார்த்துக் கூப்பிட்ட அதே குரல்.

அவள் காரை நிறுத்திவிட்டு, அவனை உள்ளேயே விட்டுத் தனியாகக் கொட்டகைக்குத் திரும்பினாள்.

அவர்கள் எதிர்பார்த்தவர்களைப் போல வட்டத்தில் அவள் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள்.

“அது என்னது?” என்று கேட்டாள். சதாசிவத்தின் பக்கம் திரும்பினாள். “அண்ணே, அது என்னது?”

“சொன்னேனே, டாக்டர். அன்னைக்கு அவரு மென்னு குடுத்தது. அந்த ஆளு முழுங்கவே இல்ல. வேற ஒருத்திக்கு முடியலன்னு அவளுக்குக் குடுத்தான். அப்படியே வருது.” சதாசிவம் சாதாரணமாகச் சொன்னார். அவர் கன்னத்துக்குள்ளும் சின்னதாக ஒன்று புடைத்திருந்தது. “எல்லாரும் அதுல இருக்கோம். ஒங்க தம்பியும்.”

“அவன எனக்குத் திருப்பிக் குடுங்க.”

“எடுத்துட்டுப் போங்க. யாருக்கெல்லாம் சம்மதம்?” அவர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாக் கைகளும் சம்மதமாக உயர்ந்தன. கோகிலனுடைய கை மட்டும், காரில், மடியில் கிடந்தது.

“முழுசும் வேணாம்,” என்றாள் ராக்காயி, இப்போது தன் சொந்தக் குரலில். “தயிருக்கு உறை எவ்ளோ ஊத்துவோம்? கொஞ்சூண்டு போதும்ல.”

“ஒரு டப்பா இருந்தா…” என்றாள் குமுதா. சொன்ன பிறகு தன் குரல் மருந்துக்கடையில் பேசுவதைப் போல இருந்தது அவளுக்கே கேட்டது.

ராக்காயி குலுங்கிச் சிரித்தாள். “பொட்டலமா பொங்குஸ் பண்ணிக் குடுக்கவா? செத்துரும் டாக்டரு. வாய்ச்சூடு வேணும் அதுக்கு.”

“அப்ப அவன் வாயில வைங்க.”

“இப்பத்தான அவன் மொற முடிஞ்சிச்சு. ஒரே ஆளு வெச்சிருந்தா முழுங்கச் சொல்லும்,” என்றார் சதாசிவம். “முழுங்கிட்டா அவ்ளோதான், போயிரும். ரெண்டு பேராவது வேணும். மாத்தி மாத்தி.”

அவளுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. உடம்பு முழுவதும் ஓடு என்றது. வயிறு, தொண்டை, முதுகுத்தோல். இத்தனை வருடமும் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்கத்தான் தன்னைப் பழக்கியிருந்தாள். அதைத் தாண்டுகிறவர்கள்தாம் நல்ல மருத்துவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அம்மா இந்நேரம் வாசல் விளக்கைப் போட்டிருப்பார்.

குமுதா கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

ராக்காயி தன் வாய்க்குள் விரலை விட்டு ஒரு துண்டு கிள்ளினாள். கிள்ளும்போது ஈரமாக ஒரு சத்தம். தாடைக்கு அடியில் ஒரு கை வந்து தாங்கியது. நாக்கின்மேல் அது விழுந்தது. புளியங்கொட்டை அளவு. ரத்தச் சூடு. உப்பு, புளிப்பு, பல வாய்களின் ஊத்தை. உமட்டியது. உமட்டும் தொண்டையைத் தாண்டி அது தானாக நகர்ந்து கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே போய் ஒண்டிக்கொண்டது.

“அப்பாடா,” என்றது அவள் வாய், கோகிலனின் குரலில்.

சாலைக்கு வந்துவிட்டாள். வைப்பர் மழையைத் தள்ளிக்கொண்டிருந்தது. லாரிகளின் விளக்குகள் எதிரே வந்து போயின. அவளுடைய வாய் பேசிக்கொண்டே வந்தது.

“ஏசிய கொறை, அக்கா. குளிருது. அம்மா சம்பால் வெச்சிருப்பாங்கல்ல? எவ்ளோ நாளாச்சு. ஏன் அழுவுற?”

அவள் அழுதாள். தம்பி பேசுகிறான். அவளுடைய பல்லும் நாக்கும் அவனுக்காக அசைகின்றன, அவளுக்கு அதில் வேலை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எச்சில் ஊறியது. ஊறிய எச்சிலை விழுங்கப் பயந்தாள். துப்பப் பயந்தாள். அது கன்னத்தோலைச் சப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அவனுக்குப் பின்னால் வேறு சிலரும் முறைக்காக நிற்பதைப் போல, அவன் நிறுத்தும் இடங்களில் மூச்சுகள் கேட்டன.

விழுங்கு என்றது தொண்டை. அருவருப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. இப்போது பசிதான் இருந்தது.

விழுங்கினால் அவன் போய்விடுவான். காரை ஓரம் கட்டினாள். செம்பனைகளின் இருட்டு. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை குவிந்தது. கோகிலனின் தாடைக்கு அடியில் வைத்தாள். அவன் அண்ணாந்தான். அவள் குனிந்தாள்.

இழை நீண்டது. அறுந்தது.

கோகிலன் மென்றான். கண்களில் ஆள் வந்தான். அவளைப் பார்த்தான். அவள் சிரிக்க நினைத்தாள்.

“காலைல அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சு விட்டாங்க,” என்றான். அது குமுதாவின் குரல். அவளுடைய அதே நிதானமான வகுப்புக் குரல். “விரல் ரொம்ப நடுங்கிச்சு. பார்க்கின்சன் ஆரம்பம்னு நினைக்கிறேன். இன்னும் அவங்ககிட்டச் சொல்லல.”

காலை. அவள் காலையைத் தேடினாள். எண்ணெயைத் தேடினாள். யாருடைய விரல்? அங்கே ஒன்றும் இல்லை. மழை மட்டும் இருந்தது. திருப்பிக் கொடு என்று சொல்ல வேண்டும். நாக்கைத் தூக்கினாள். நாக்கு அசையவில்லை. சொல் என்ற ஒன்று இருந்தது. அது எப்படி இருக்கும்?

கண்ணாடிக்குக் கீழே தொலைபேசி ஒளிர்ந்தது. கோகிலன் கை நீட்டிப் பொத்தானைத் தொட்டான்.

“குமுதா? எங்கம்மா இருக்க? இன்னும் வரலையே,” என்றது பெண் குரல் ஒன்று.

“வந்துக்கிட்டே இருக்கோம்மா,” என்றான் அவன் குமுதாவின் குரலில். கன்னத்தில் அதை ஒதுக்கினான். பிறகு ‘சா’வை நசுக்கும் குரலில், “அம்மா. சாப்பிட்டீங்களா?”

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை கேட்டது. “இல்லப்பா… இல்லடா ராசா… நீ வராம எப்படிடா?”

“சாப்பிடாதீங்க. நாங்க கொண்டு வாரோம்.”

அவன் பேச்சை முடித்துவிட்டு மென்றபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுநர் இருக்கையில் அவள் அண்ணாந்து, வாயை அகலத் திறந்து, எச்சில் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்க, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.